கிடங்கின் பின்வேலியை 8 அடிக்கு உயர்த்த வேரியன்ஸ் கேட்பது: நியூ ஜெர்சி வணிகர் ஒருவருக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் இது. நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் மளிகை மொத்த விற்பனைக் கிடங்கு நடத்துகிறார் ஒருவர். ஓராண்டில் இரண்டு முறை திருட்டு நடந்திருக்கிறது. காப்பீட்டுத் தொகை ஏறிவிட்டது. பின் எல்லையில் 8 அடிப் பலகை வேலி போட அனுமதி கேட்டார். ஊர் விதிப்படி 6 அடிதான் என்று ஸோனிங் (மண்டல விதி) அலுவலர் மறுத்துவிட்டார். "வேரியன்ஸ் வாங்கு என்கிறார்கள். வக்கீல் இல்லாமல் நானே செய்ய முடியுமா? கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டு விவரங்கள் சேர்த்திருக்கிறார்: பின்வீட்டுக்காரர்கள் லாரி விளக்கு வீட்டுக்குள் அடிப்பதாகக் குறைகூறுகிறார்கள், முற்றம் பின் எல்லையைவிட 3 அடி மேடாக இருக்கிறது.

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில், தளர்வைத் தீர்மானிக்கும் ஊரின் ஸோனிங் போர்டின் முன் பேசினால் கிடைக்காது. திருட்டையும் காப்பீட்டையும் முதலில் வைத்திருக்கிறீர்கள். போகிற போக்கில் கடைசி வரியில் எழுதிய அந்த 3 அடி மேடுதான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர்.

நான் வழக்கறிஞன் அல்ல. மனை வரைபடம் தயாரிக்கும் பொறியாளர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். ஸோனிங் போர்டு விசாரணைகளில் பின்வரிசையில் வரைபடச் சுருளுடன் உட்கார்ந்து நிறைய மாலைகளைக் கழித்தவன். நல்ல காரணம் கையில் இருந்தும் தவறான காரணத்தைப் பேசி நம்மவர்கள் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேரியன்ஸ் என்பது விதித்தளர்வு. ஊர் முழுவதற்கும் ஒரே அளவாகத் தைத்த சட்டை எல்லா மனைக்கும் பொருந்தாது என்பதை அமெரிக்காவில் மண்டல விதிகள் தொடங்கிய காலத்திலேயே உணர்ந்துவிட்டார்கள். நியூயார்க் நகரம் 1916இல் விதி கொண்டுவந்தபோதே மேல்முறையீட்டுக்கு ஒரு குழுவையும் அமைத்தது. 1920களில் மத்திய வணிகத் துறை மாநிலங்களுக்காக எழுதிய மாதிரிச் சட்டத்தில், தனிப்பட்ட நிலைமைகளால் விதியை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்துவது தேவையற்ற துன்பமாகும் இடத்தில் தளர்த்தலாம் என்ற வாசகம் இருக்கிறது. இன்றுவரை பல மாநிலங்களும் அந்த வாசகத்தைத்தான் தங்கள் தங்கள் முறையில் விரித்துக்கொண்டிருக்கின்றன. அந்த 'தனிப்பட்ட நிலைமை' என்பது மனையின் நிலைமை என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. உரிமையாளரின் நிலைமை அல்ல. கொடுக்கப்பட்ட தளர்வு உங்களோடு போவதில்லை, நிலத்தோடு நிற்கிறது. நாளை நீங்கள் விற்றுவிட்டாலும் வாங்கியவருக்கு அது செல்லும். அதனால்தான் போர்டு உங்கள் வரவுசெலவைப் பார்க்காது, நிலத்தைப் பார்க்கும்.

நியூ ஜெர்சியில் இதற்கு ஆதாரம் 1975ஆம் ஆண்டின் நகராட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டம். அதன் 70ஆம் பிரிவில் 'சி' என்றும் 'டி' என்றும் இரண்டு வகைத் தளர்வுகள் உண்டு. 'டி' பெரியது: அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்படாத தொழில் நடத்துவது போன்றவை. அதற்கு 7 பேர் கொண்ட போர்டில் 5 பேர் ஆதரவாக வாக்களிக்க வேண்டும். முதன்மைக் கட்டடத்தின் உயரம், அனுமதித்த அளவை 10 அடியோ 10 சதவீதமோ தாண்டினாலும் 'டி' வகைதான். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட யாராவது, "6 அடியை 8 ஆக்குவது 33 சதவீதம் ஆயிற்றே, உனக்கு 5 வாக்கு வேண்டும்" என்று உங்களைப் பயமுறுத்தக்கூடும். வேலி முதன்மைக் கட்டடம் அல்ல. உங்களுடையது 'சி' வகை. கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதும்.

'சி' வகையில் மறுபடி இரண்டு வாசல்கள். முதல் வாசல் துன்பம்: மனை மிகக் குறுகலாக, ஆழமில்லாமல், கோணலாக இருக்க வேண்டும், அல்லது மேடுபள்ளம் போன்ற இயற்கை அமைப்பு, அல்லது அந்த மனைக்கும் அதில் சட்டப்படி நிற்கும் கட்டடத்துக்கும் மட்டுமே உரிய ஏதோ ஒரு நிலைமை இருக்க வேண்டும். அதன் காரணமாக விதியைக் கடைப்பிடிப்பது அசாதாரணமான சிரமமாக இருக்க வேண்டும். இரண்டாவது வாசல் நன்மை: விதியிலிருந்து விலகுவதால் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று நிறைவேற வேண்டும், அந்த நன்மை, வரக்கூடிய தீங்கைவிடக் கணிசமாக அதிகமாக இருக்க வேண்டும். எந்த வாசல் வழியாகப் போனாலும் உள்ளே ஒரு காவல் இருக்கிறது: பொதுநலனுக்குக் கணிசமான கேடு வராது, ஊரின் மண்டலத் திட்டம் கணிசமாகக் குலையாது என்று நீங்கள் காட்டியாக வேண்டும்.

துன்பம் என்றவுடன் மனை ஒன்றுக்கும் உதவாமல் போனால்தான் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நார்த் கால்டுவெல் ஊரில் குறுகலான மனையில் நீச்சல் குளம் கட்டக் கொடுத்த தளர்வை எதிர்த்து வந்த லாங் வழக்கில், 1999இல் மாநில உச்ச நீதிமன்றம் தளர்வு செல்லும் என்றது. மனையின் அமைப்பு அதன் நியாயமான பயன்பாட்டுக்குத் தடையாக இருந்தாலே போதும், மனை முற்றிலும் பயனற்றுப் போக வேண்டியதில்லை என்று அந்தத் தீர்ப்பு விளக்குகிறது. அதேசமயம் பணக் கஷ்டம் இந்தக் கணக்கில் வராது. நீங்களாக வரவழைத்துக்கொண்ட துன்பமும் வராது. உங்கள் முற்றத்தை மேடாக்கியது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டடம் கட்டியபோதே ஊர் ஒப்புதலுடன் நிரப்பப்பட்டிருந்தால் நல்லது. அந்தப் பழைய ஒப்புதல் வரைபடத்தின் நகலை நகராட்சியில் கேட்டு வாங்குங்கள். அனுமதி இல்லாமல் நீங்களே மண் கொட்டி உயர்த்தியிருந்தால் முதல் வாசல் உங்களுக்கு மூடியிருக்கிறது.

இனி அந்த 3 அடிக்கு வருகிறேன். உங்கள் வேலி நிற்கப்போவது சரிவின் அடியில், எல்லைக் கோட்டில். அங்கே 6 அடி வேலி போட்டால், முற்றத்தின் தளத்திலிருந்து பார்க்கும்போது 3 அடிதான் தெரியும். பெரிய லாரிகளுக்கும் சேர்த்து மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதி, முகப்பு விளக்கின் உயரம் தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் குறையாமலும் 54 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. 54 அங்குலம் என்பது நாலரை அடி. ஆக, 3 அடி வேலியின் தலைக்கு மேலே விளக்கு தாராளமாகப் பாய்கிறது. 7 அடி வேலி போட்டாலும் முற்றத்துக்கு மேலே 4 அடிதான். உயரமான விளக்கு அப்போதும் தாண்டும். 8 அடி போட்டால் 5 அடி கிடைக்கிறது. அங்கேதான் வெளிச்சம் மறிக்கப்படுகிறது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் வெட்டுமுகப் படமாக வரையச் சொல்லுங்கள்: இடப்பக்கம் முற்றமும் லாரியும், நடுவில் சரிவும் வேலியும், வலப்பக்கம் பின்வீட்டு ஜன்னல். விளக்கிலிருந்து ஜன்னலுக்கு ஒரு நேர்கோடு. 6 அடியில் கோடு தப்பிப் போகிறது, 8 அடியில் முட்டி நிற்கிறது. இந்த ஒரு படம் இருபது நிமிடப் பேச்சுக்குச் சமம். "ஏன் 8? ஏன் 10 இல்லை, 7 இல்லை?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும்; தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூடக் கேட்கவில்லை என்று காட்ட அந்தப் படமே போதும். சமதளத்தில் இருக்கும் கிடங்கில் 6 அடி வேலியே விளக்கை மறித்துவிடும். ஆகவே இது எல்லாக் கடைக்காரருக்கும் உள்ள பிரச்சினை அல்ல, உங்கள் மனைக்கு மட்டும் உள்ள பிரச்சினை. சட்டம் கேட்பதும் இதைத்தான்.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நான் உதவியாளராக இருந்த ஒரு விண்ணப்பம் அதில்தான் தடுமாறியது. ஊர் பெயர் வேண்டாம். மரச் சாமான் விற்கும் ஒருவரின் மனை, ஏறக்குறைய உங்களுடையது போன்ற சரிவு. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. போர்டின் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வேலியைச் சரிவின் அடியில் போடாமல் மேல் விளிம்பில் போட்டால் 6 அடியே போதுமே, எதற்குத் தளர்வு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை. உரிமையாளர் என்னைப் பார்த்தார், நான் வரைபடத்தைப் பார்த்தேன். விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி வக்கீல் கேட்டுக்கொண்டார்.

அந்த மாதத்தில் ஒருநாள் போய் லாரி வந்து திரும்புவதைப் பார்த்தோம். சரக்கு இறக்கும் மேடை கட்டடத்தின் பின்சுவரில் இருந்தது. லாரி உள்ளே வந்து, மூக்கை எல்லைப் பக்கம் நீட்டி, அங்கிருந்து பின்னோக்கி மேடைக்குப் போகும். முன் சக்கரம் தார்த்தளத்தின் ஓரக்கல்லைத் தொடும்போது வண்டியின் முகப்பு ஓரக்கல்லைத் தாண்டிச் சரிவின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரக்கல் முழுக்கக் கரிய டயர்த் தடம். மேல் விளிம்பில் வேலி போட்டால் முதல் வாரமே லாரி அதை இடித்துத் தள்ளியிருக்கும். ஓரக்கல்லில் அளவுகோலை வைத்து, நீட்டிய முகப்பைப் பக்கவாட்டில் படம் எடுத்தோம். அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது பொறியாளர் தலையசைத்தார். வேறு கேள்வி கேட்கவில்லை.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது, முற்றத்தில் நின்று இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுப் பார்ப்பது. மேல் விளிம்பில் இடம் தாராளமாக இருந்தால், லாரிக்கு இடைஞ்சல் இல்லை என்றால், பேசாமல் அங்கே 6 அடி வேலி போட்டுவிடுங்கள். தளர்வே தேவையில்லை, மாதக்கணக்கும் பணமும் மிச்சம். வேலிக்குப் பதில் அடர்ந்த தூஜா (பசுமை மாறாத வேலி மரம்) வரிசை நட்டாலும் பல ஊர்களில் உயரக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. வளரக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. இரண்டும் ஏன் முடியாது என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால் மட்டும் மேலே போங்கள்.

இரண்டாவது வாசலையும் சேர்த்தே தட்டுங்கள். 1988இல் வாரன் ஊர் தொடர்பான காஃப்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது: நன்மை உரிமையாளருக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, ஊருக்குக் கிடைக்க வேண்டும், அந்த மனைக்கு மண்டல விதியைவிடச் சிறந்த ஏற்பாடாக அது இருக்க வேண்டும். உங்களுக்கு இது வாய்ப்பாக அமைகிறது. கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியை மறைப்பது வீட்டுக்காரருக்கான நன்மை. பொதுநலனும் நல்ல காட்சிச் சூழலும் சட்டத்தின் நோக்கப் பட்டியலிலேயே இருக்கின்றன. பின்வீட்டுக்காரரின் குறையை நீங்கள் எதிர்ப்பாக எண்ணியிருக்கிறீர்கள். உண்மையில் அவர்தான் உங்கள் சிறந்த சாட்சி. போய்ப் பேசுங்கள். அவர் சமையலறை ஜன்னலில் நின்று, இரவில் லாரி திரும்பும் நேரத்தில், ஒரு படம் எடுக்க அனுமதி கேளுங்கள். எல்லையில் ஒரு மரக்கழியை நட்டு, 6 அடியில் ஒரு சிவப்பு நாடாவும் 8 அடியில் ஒரு நாடாவும் கட்டி, அதே ஜன்னலிலிருந்து பகலில் இன்னொரு படம். தன் கண்ணுக்கு அந்த வேலி எப்படித் தெரியும் என்று அவரும் அப்போதே பார்த்துக்கொள்வார்.

கையெழுத்து வேட்டைக்குப் போக வேண்டாம். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோனால் கனமாக இருக்கும் என்று தோன்றும். போர்டு விசாரணை நீதிமன்றம் போன்றது. சாட்சிகள் உறுதிமொழி எடுத்துப் பேச வேண்டும், குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் பெரும்பாலும் அதை ஏற்க மாட்டார்கள். பின்வீட்டுக்காரர் ஒருவர் நேரில் வந்து இரண்டு நிமிடம் பேசினால் அந்த ஐம்பது கையெழுத்தைவிட எடை அதிகம். வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற மாதிரி உங்கள் கடை ஊழியர்களை வரிசையாக நிறுத்தினாலும் பயனில்லை. அதைவிட முக்கியம்: போர்டு உறுப்பினர் யாரையாவது தெரிந்திருந்தால் முன்கூட்டியே பார்த்துப் பேசிவிடாதீர்கள். பேசினால் அவர் விலகிக்கொள்ள வேண்டி வரும். உங்களுக்கு ஒரு வாக்கு குறையும், உங்கள் பெயரும் கெடும்.

திருட்டை எங்கே வைப்பது? கடைசியில், துணைக் காரணமாக. போலீஸ் அறிக்கையின் நகலை இணைக்கலாம். ஆனால் திருட்டு எல்லாக் கடைக்கும் பொதுவானது. அதை முன்வைத்தால், "அப்படியானால் ஊரில் உள்ள எல்லோருக்கும் 8 அடி கொடுக்க வேண்டுமே, அதை விதி மாற்றமாக நகராட்சி மன்றம் செய்யட்டும்" என்பார்கள். அது சரியான பதிலும்கூட. முள்கம்பி பற்றி யோசிக்கவே வேண்டாம். அதையும் பல ஊர்கள் உயரத்தில் சேர்த்து அளக்கும், வீட்டுப் பக்கம் இருப்பவர்களையும் அது கலவரப்படுத்தும்.

சத்தத்தையும் பெரிதாகப் பேசாதீர்கள். இங்கேதான் நல்ல விண்ணப்பங்கள் நம்பகத்தன்மையை இழக்கின்றன. மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்குப்படி, சத்தத்தின் மூலத்துக்கும் காதுக்கும் இடையிலான நேர்ப்பார்வையை மறித்தால் சுமார் 5 டெசிபல் குறையும். அதற்குமேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல். நீங்கள் கூட்டுவது 2 அடி. அதுவும் தடுப்பு இடைவெளி இல்லாமல், ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோ அளவுக்குக் கனமாக இருந்தால்தான்; காய்ந்து சுருங்கி இடுக்கு விட்ட பலகை வேலி சத்தத்தைத் தாராளமாக விடும். குளிர்சாதன லாரியின் இயந்திரமோ பெட்டியின் நெற்றியில், வேலிக்கு எட்டாத உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த லாரியின் மொத்த உயரம் பதின்மூன்றரை அடி வரை போகும். "சத்தம் குறையும்" என்று நீங்கள் உறுதிமொழி எடுத்துச் சொல்லிவிட்டு, போர்டின் பொறியாளர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இனி நடைமுறை. மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அலுவலர் விதியைத் தவறாகப் படித்துவிட்டார் என்று நினைத்தால், உதாரணமாக, உயரத்தை எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து அளப்பது என்பதில், அதற்கு மேல்முறையீடு செய்ய 20 நாள்தான் அவகாசம். உங்கள் ஊர் விதியில் 'வேலி உயரம்' எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே படியுங்கள். சில ஊர்கள் வேலியின் அடியில் உள்ள தரையிலிருந்து அளக்கும், சில ஊர்கள் இரு பக்கத்தில் உயர்ந்த பக்கத்திலிருந்து அளக்கும். தளர்வு கேட்பதற்கு இந்த 20 நாள் கெடு கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் மாற்று வாதமாக வைப்பது புத்திசாலித்தனம்.

வக்கீல் கேள்விக்குப் பதில்: மனை உங்கள் சொந்தப் பெயரில் இருந்து நீங்களே விண்ணப்பித்தால் நீங்களே பேசலாம். எல்எல்சி அல்லது கார்ப்பரேஷன் பெயரில் இருந்தால், நியூ ஜெர்சியில் வழக்கறிஞர் மூலமாகத்தான் போர்டின் முன் வர முடியும். பெரும்பாலான வணிக மனைகள் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும், பத்திரத்தைப் பாருங்கள். வணிக மனை என்பதால், நிறுவனத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்களின் பெயர்களையும் கேட்பார்கள். குடும்பத்துக்குள் பங்கு பிரித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வக்கீலைத் தவிர, மாநில உரிமம் பெற்ற பிளானர் (நிலப் பயன்பாட்டுத் திட்டமிடுநர்) ஒருவரின் சாட்சியமும் உதவும். பொதுநலனுக்குக் கேடில்லை என்பதைச் சொல்ல அவருக்குத்தான் தகுதி. சிறிய வேலிக்கு இவ்வளவு செலவா என்று தோன்றும். தோற்றுவிட்டு அதே கோரிக்கையோடு மறுபடி வருவது இதைவிடக் கடினம்.

விண்ணப்பத்துடன் புதிய அளவை வரைபடம் இணையுங்கள். அதில் எல்லை, சரிவின் உயர எண்கள், வடிகால் அல்லது மின் நிறுவனத்துக்கு விட்ட வழியுரிமைப் பட்டைகள் எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பட்டைக்குள் வேலி வந்தால் தளர்வு கிடைத்தும் பயனில்லை. விண்ணப்பக் கட்டணம் தனி. போர்டின் பொறியாளரும் வக்கீலும் உங்கள் தாளைப் படிக்கும் நேரத்துக்கு முன்பணமாகக் கட்டும் எஸ்குரோ வைப்பு தனி. விண்ணப்பம் முழுமையானதா என்று 45 நாளுக்குள் சொல்ல வேண்டும். முழுமை என்று ஆனபின் 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அறிவிப்பில் கவனமாக இருங்கள். பல விண்ணப்பங்கள் பேசத் தொடங்கும் முன்பே விழுவது இங்கேதான். உங்கள் மனையைச் சுற்றி 200 அடிக்குள் இருக்கும் உரிமையாளர்கள் எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக நேரிலோ சர்டிஃபைட் அஞ்சலிலோ அறிவிக்க வேண்டும். ஊரின் அதிகாரப்பூர்வ வெளியீட்டிலும் அறிவிப்பு வர வேண்டும். உரிமையாளர் பட்டியலை நகராட்சியிடமே எழுதிக் கேளுங்கள். 7 நாளுக்குள் தருவார்கள். கட்டணம் பெயருக்கு 25 சென்ட் அல்லது 10 டாலர், எது அதிகமோ அது. அந்தப் பட்டியலை நம்பி நடந்தால், அதில் ஒருவர் விட்டுப்போயிருந்தாலும் உங்கள்மேல் பழி வராது. நீங்களாகத் தயாரித்த பட்டியலில் ஒருவர் விட்டுப்போனால் மொத்த விசாரணையும் செல்லாது. கவுண்டி சாலையோ மாநில நெடுஞ்சாலையோ ஒட்டியிருந்தால் அந்தந்த அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. வாசகம் சாதாரண மனிதருக்குப் புரிய வேண்டும். லேசி ஊரில் பெரிய விற்பனைக் கடை வளாகம் வரப்போவதைச் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக எழுதிய அறிவிப்பு செல்லாது என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "பின் எல்லையில் 6 அடிக்குப் பதில் 8 அடி உயரப் பலகை வேலி" என்று பச்சையாக எழுதுங்கள். அஞ்சல் ரசீதுகளைத் தொலைக்காதீர்கள். அவற்றோடு பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும்.

விசாரணை நாளில் சுருக்கமாகப் பேசுங்கள். உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாமல், பகல் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்கள். "பக்கத்துக் கடைக்கு 8 அடி இருக்கிறதே" என்று தொடங்காதீர்கள். அது விதி வருவதற்கு முன்பே நின்ற வேலியாக இருக்கலாம். ஒவ்வொரு மனையும் தனித்தனியாகவே தீர்மானிக்கப்படும். நிபந்தனைகள் கேட்பார்கள்: வீட்டுப் பக்கம் மரவரிசை, பலகையின் நல்ல முகம் வெளியே, பின் எல்லையின் இத்தனை அடி நீளத்துக்கு மட்டும் என்று. நியாயமாக இருந்தால் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். தெருவோரம் வரை 8 அடி கேட்டிருந்தால் அதை நீங்களே முன்கூட்டிக் குறைத்துவிடுங்கள். வாகன ஓட்டியின் கண் உயரம் மூன்றரை அடி என்று வைத்துத்தான் சாலைப் பொறியாளர்கள் பார்வைத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். வாசலருகே உயர்ந்த வேலி நடைபாதையில் வரும் குழந்தையை மறைக்கும். அதற்குத் தளர்வு கேட்பதே தவறு என்பது என் கருத்து.

வேறு மாநிலத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிப்படை ஒன்றே, அளவுகோல் வேறு. டெக்சாஸில் போர்டின் 75 சதவீத வாக்கு வேண்டும். 2021இல் வந்த திருத்தத்துக்குப் பின், விதிக்கு இணங்க ஆகும் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் போனால் அதையும் துன்பக் கணக்கில் எடுக்கலாம். நியூயார்க் மாநிலத்தில் விண்ணப்பதாரரின் நன்மையையும் அக்கம்பக்கத்தின் கேட்டையும் எடைபோடுவார்கள். அங்கே நீங்களே வரவழைத்த சிரமம் என்பதால் மட்டும் மறுக்க மாட்டார்கள்.

வாக்கு உங்களுக்குச் சாதகமாக விழுந்த இரவே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எழுத்து மூலத் தீர்மானம் 45 நாளுக்குள் நிறைவேற்றப்படும். அது வெளியிடப்பட்ட நாளிலிருந்து இன்னொரு 45 நாள் வரை யாரும் நீதிமன்றம் போகலாம். அதற்குள் கட்டினால் அந்த ஆபத்து உங்களுடையது. எதிர்ப்பு எதுவும் எழவில்லை என்றால் சிலர் துணிந்து கட்டுகிறார்கள், நான் பொறுத்திருக்கச் சொல்வேன். 6 அடிக்கு மேற்பட்ட வேலிக்குக் கட்டுமான அனுமதி தனியாக வேண்டும். இதை வெறும் சடங்காக எண்ணாதீர்கள். உயரம் 6இலிருந்து 8 ஆகும்போது காற்று தள்ளும் பரப்பு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் கம்பத்தின் அடியைப் பெயர்க்கும் விசை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. பழைய 6 அடிக் கம்பத்தின் மேல் 2 அடிப் பலகையை ஒட்டவைக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரை அனுப்பிவிடுங்கள். உறைபனி ஆழத்துக்குக் கீழே, பொறியாளர் சொல்லும் கனத்தில் அடித்தளம் போட வேண்டும்; உங்களுடையது சரிவின் அடி என்பதால் மழைநீர் தேங்காமல் பலகைக்கு அடியில் கொஞ்சம் இடைவெளியும் விட வேண்டும்.

குழி தோண்டுவதற்குக் குறைந்தது 3 வேலை நாள் முன்னால் 811 எண்ணுக்கு அழைத்து நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அளவையாளரை வரவழைத்து எல்லை முளைகளை மறுபடி அடிக்கச் சொல்லி, கம்பங்களைக் கோட்டுக்குச் சில அங்குலம் உங்கள் பக்கமாகவே நடுங்கள். பலகை ஏறியதும், வேலியின் அடியில் உள்ள தரையிலிருந்து உச்சி வரை அளவுநாடாவைப் பிடித்து நான்கைந்து இடங்களில் படம் எடுத்து, தீர்மானத்தின் நகலோடு கோப்பில் வையுங்கள். இறுதி ஆய்வுக்கு வருபவர் அளக்கப்போவதும் அந்த இடங்களில்தான்.